செக்கு எண்ணெய்க்கு எந்தக் குரலில் எழுதுவது?

காங்கேயம் பக்கம் மரச்செக்கு ஓட்டும் ஒருவருக்கு இணையக் கட்டுரைகள் எழுதிக் கொடுக்கிறேன். முதல் கட்டுரையை ‘நம் முன்னோர் நமக்களித்த அருங்கொடை’ என்று தொடங்கி, நான்கு பத்திக்கு மேடைப்பேச்சாகவே எழுதிவிட்டேன். செக்குக்காரர் படித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா தேன் விக்கிறவருக்கும் இதையே குடுக்கலாமே” என்றார்.

சரி என்று அடுத்ததை முழுப் பேச்சுத்தமிழில் எழுதினேன். ‘ஒருவாட்டி வாங்கிட்டா விடமாட்டீங்க’ வகை. அதை வாசித்த என் தங்கை, “மீம் பக்கத்துல இருந்து எடுத்தியா?” என்று கேட்டாள். தவிர, ஒரு ஊர்ப் பேச்சை அப்படியே எழுத்தில் போட்டால் அடுத்த ஊர்க்காரர் ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கி நிற்கிறார்.

அப்புறம் ஒருநாள் காலை முழுக்கச் செக்குக்காரர் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்த போன்களில் பெரும்பாலானவை சந்தேகம்தான். அடியில் கசடு நிற்கிறதே, கலப்படமா? வாணலியில் நுரைத்து வருகிறதே? பாக்கெட் எண்ணெயை விட இவ்வளவு விலையா? அவர் கோபப்படவும் இல்லை, குழையவும் இல்லை. “ரிஃபைன் பண்ணும்போது அதையெல்லாம் எடுத்துருவாங்கம்மா. நாங்க வெயில்ல வெச்சுத் தெளிய விடறதோட சரி. தீயைக் குறைச்சுக் காய வெச்சுப் பாருங்க” என்றார். விலைக்கு ஒரே கணக்கு: ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு, பருப்பு இன்றைக்கு என்ன விலை என்று நீங்களே பாருங்கள்.

அந்தப் பேச்சைத்தான் எழுத்துத் தமிழுக்கு மாற்றினேன். ‘தாங்கள்’, ‘நுகர்வோர்’ எல்லாம் போய் ‘நீங்கள்’ வந்தது. நல்லெண்ணெய்க்கு எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிறோம் என்று ஒரு வரி. ‘அற்புதம்’ என்ற சொல் எங்குமே இல்லை. கசடு பற்றிக் கேட்பவர்களுக்கு இப்போது அவர் அந்தக் கட்டுரையின் இணைப்பையே அனுப்பிவிடுகிறார்.

மறுமொழி 1

எனக்கு வாய்த்தவர் சிறுதானிய வியாபாரி. ‘சர்க்கரை நோய் ஓடிப்போகும்’ என்று தலைப்பு வைத்தே ஆக வேண்டும் என்றார். உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய முடியாது, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) 2018 விளம்பர விதிகளிலேயே இருக்கிறது என்றேன். “எல்லாரும் போடறாங்களே!” வரகை ஊறவைத்து வேகவைக்கும் விதம், குழையாமல் இருக்கத் தண்ணீர் அளவு என்று சமையற்கட்டுக் குரலில் எழுதிக் கொடுத்தேன். “காரமே இல்லை” என்று திருப்பி அனுப்பிவிட்டார். பாதிப் பணம் இன்னும் வரவில்லை, அது வேறு கதை.

மறுமொழி 2

கடையில் போய் உட்கார வழியில்லாதவர்கள் என்ன செய்வது? நான் எழுதிக் கொடுக்கும் வியாபாரி இருப்பது துபாயில்.

முதல் பதிவர்

வாட்ஸ்அப்பில் குரல் பதிவு கேளுங்கள். ‘கட்டுரைக்கு ஏதாவது சொல்லுங்கள்’ என்றால் அவரும் மேடை ஏறிவிடுவார். ‘நேற்று யார் என்ன குறை சொன்னார்கள்?’ என்று கேளுங்கள். எங்கள் அண்ணாச்சியும் இப்போது அப்படித்தான் அனுப்புகிறார், பின்னால் செக்கு ஓடும் சத்தத்தில் பாதி கேட்காது.