நம்பர் பிளேட் ஓரத்துல 'ஊட்டி'ன்னு எழுதலாமாம்! யார் சொன்னது?

கோத்தகிரி ஜீப்:
நேத்து இங்க ஒருத்தர் எழுதினதைப் படிச்சதுல இருந்து எரிச்சல் அடங்கல. "கோவை நம்பர் வண்டி வச்சிருக்கற நம்ம ஊர்க்காரங்க பிளேட் ஓரத்துல சின்னதா 'ஊட்டி'ன்னு எழுதிக்கலாம், எந்தச் சட்டமும் தடுக்கல"ன்னு தைரியமா போட்டிருக்கார். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 50-ஐயும் 51-ஐயும் படிச்சுட்டு வாங்க. பிளேட்டுல பதிவு எண் மட்டும்தான். ஊர் பேரு, சாமி பேரு, தலைவர் படம் எதுவும் கூடாது. ஓரத்துலயும் கூடாது.

குன்னூர் ஸ்டிக்கர் கடை:
எழுதினது நான்தாங்க. பேரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். இப்பவும் சொல்றேன், நம்பரை மறைக்கல. ஒரு எழுத்தைக்கூடத் தொடல. கீழ ஓரத்துல காலியா இருக்கற இடத்துல ஊர் பேரு. அதுல யாருக்கு என்ன நஷ்டம்?

கோத்தகிரி ஜீப்:
காலி இடம்னு ஒண்ணு பிளேட்டுல கிடையாது. கார்னா எழுத்து உயரம் 65 மில்லிமீட்டர், தடிமன் 10, எழுத்துக்கு எழுத்து இடைவெளி 10. சுத்தி விட்டிருக்கற வெள்ளை, நம்பர் தூரத்துல இருந்து தெரியறதுக்காக விட்டது. உங்க கடை விளம்பரத்துக்கு விட்டது இல்ல. பர்லியாறு தாண்டி மேல ஏறும்போது மூடுபனியில முன்னாடி போற வண்டி நம்பரைப் படிச்சுப் பாருங்க, அப்போ புரியும் அந்த வெள்ளை எதுக்குன்னு.

லவ்டேல்வாசி:
ஜீப் அண்ணா, விதி பேசறது சுலபம். என் கார் டி.என். 66, கோவை நம்பர். அங்க வாங்கினது. ஒரே மாநிலத்துக்குள்ள குடி மாறினா 30 நாளுக்குள்ள ஆர்.சி.யில, அதாவது பதிவுச் சான்றுல, முகவரியைத்தான் மாத்தணும், நம்பர் மாறாது. நான் சாகற வரைக்கும் இங்க இருந்தாலும் அது 66 தான். ஊட்டியில இருந்து கல்லட்டி மலைப்பாதை வழியா மசினகுடி இறங்கலாம்னு போனா நீலகிரி நம்பரான 43 வண்டியை விடறாங்க, என்னை ஓரங்கட்டச் சொல்றாங்க. 2024 மே 7-ல இருந்து வெளி வண்டி நீலகிரிக்குள்ள வர இ-பாஸ் வேற. 43-க்கு இ-பாஸ் வேண்டாம், நான் மட்டும் உள்ளூர்க்காரன்னு காகிதம் காட்டி நிரூபிக்கணும். பிளேட்டுல 'ஊட்டி'ன்னு ஒரு வார்த்தை இருந்தா தூரத்துலயே தெரியுமில்ல?

கோத்தகிரி ஜீப்:
தம்பி, கல்லட்டியில 36 கொண்டை ஊசி வளைவு. பழக்கமில்லாதவன் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கி, அது சூடாகிப் பிடிக்காமப் போய்த்தான் வண்டிங்க கவிழ்ந்துச்சு. அதனாலதான் வெளி வண்டி இறங்கத் தடை. நாளைக்கு சென்னையில இருந்து வர்றவன் குன்னூர் கடையில 'ஊட்டி' ஒட்டிக்கிட்டு இறங்குவான். அவன் விழுந்தா யார் பொறுப்பு? ஸ்டிக்கர் கடையா?

குன்னூர் ஸ்டிக்கர் கடை:
வெளியூர்க்காரனுக்கு நான் ஒட்ட மாட்டேன். ஆதார் பார்த்துத்தான் ஒட்டுவேன். மறுபடியும் சொல்றேன், நம்பரை மறைக்கல.

கோத்தகிரி ஜீப்:
ஆதார் பார்க்க நீங்க என்ன ஆர்.டி.ஓ.வா?

கூடலூர் மலையாளத்தான்:
எல்லாரும் 'ஊட்டி ஊட்டி'ங்கறீங்க. நீலகிரின்னா ஊட்டி மட்டுமா? எங்க வண்டி 43 இசட், கூடலூர் நம்பர். கூடலூர், பந்தலூர்க்காரன் எதுக்கு 'ஊட்டி'ன்னு ஒட்டணும்? இ-பாஸ்னு வந்தா மட்டும் நாங்க நீலகிரி, பஸ் கேட்டா நாங்க வயநாடு. நாடுகாணியில பக்கத்து மாநில வண்டி வரிசையில எங்க வண்டியும் சேர்ந்து நிக்குது, அதைப் பேச இங்க ஒருத்தரும் இல்ல.

குன்னூர் ஸ்டிக்கர் கடை:
உங்களுக்கு 'கூடலூர்'னு ஒட்டித் தர்றேன், வாங்க.

கூடலூர் மலையாளத்தான்:
எனக்கு உங்க தயவு வேண்டாம். எங்க ஊர்லயும் கடை இருக்கு.

கோத்தகிரி ஜீப்:
'கூடலூர்'னு ஒட்டினாலும் தப்பு தப்புதான். 2019 ஏப்ரல் 1-க்கு அப்புறம் வந்த வண்டி எல்லாத்துலயும் உயர் பாதுகாப்பு பிளேட். அலுமினியத் தகடு, இடது மேல் மூலையில அசோகச் சக்கர ஹாலோகிராம், அதுக்குக் கீழ லேசர்ல பொறிச்ச தனி எண், கழட்ட முடியாத பூட்டு. இவ்வளவும் எதுக்கு? திருட்டு வண்டியில வேற நம்பர் மாட்டி ஓட்டக் கூடாதுன்னுதான். அது மேல பசை தடவி ஸ்டிக்கர் ஒட்டினா என்ன மரியாதை? பிடிச்சா மோட்டார் வாகனச் சட்டம் 177-வது பிரிவுல அபராதம் முதல் தடவை 500, மறுபடி பிடிச்சா 1500. கடைக்காரர் கட்டுவாரா?

குன்னூர் ஸ்டிக்கர் கடை:
ஹாலோகிராம் இடது பக்கம். நான் ஒட்டறது வலது கீழ. நம்பரையும் மறைக்கல, சக்கரத்தையும் மறைக்கல. எத்தனை தடவை சொல்றது? பைக்குல 'த.நா.'ன்னு தமிழ்லயே முழு நம்பரும் எழுதிக்கிட்டுப் போறானே, அவனை ஏன் கேக்கல?

கோத்தகிரி ஜீப்:
அதுவும் தப்புதான். எழுத்து ஆங்கிலத்துல, எண் வழக்கமான எண்ல இருக்கணும்னு அதே விதி 50-ல இருக்கு. பேச்சை மாத்தாதீங்க.

தமிழ்ப்பற்றன் அரவேணு:
தமிழ்நாட்டு ரோட்டுல தமிழ் தப்புன்னு ஒரு தமிழனே சொல்றதைக் கேக்கறதுக்கா இந்த விவாதம்? வெட்கமா இருக்கு.

கோத்தகிரி ஜீப்:
வெட்கப்படறவங்க விதியை மாத்தச் சொல்லி டெல்லிக்கு எழுதுங்க. நான் எழுதின விதி இல்ல. இருக்கற விதியைச் சொல்றேன். ஊர் பேரு தமிழ்ல இருந்தாலும் இங்கிலீஷ்ல இருந்தாலும் பிளேட்டுல கூடாது.

டி போர்டு சேரிங்கிராஸ்:
பெரிய விதி பேசற ஜீப் அண்ணே, ஒண்ணு கேக்கறேன். வாடகை வண்டின்னா மஞ்சள் பிளேட்டுல கறுப்பு எழுத்து, சொந்த வண்டின்னா வெள்ளையில கறுப்பு. உங்க ஜீப் எந்த போர்டு? சீசன்ல கோடநாடு காட்சிமுனைக்கு டூரிஸ்ட் ஏத்திக்கிட்டுப் போறது ஓன் போர்டுதானே? நாங்க பர்மிட், எஃப்.சி., வரி எல்லாம் கட்டிட்டு ஸ்டாண்டுல ஈ ஓட்டறோம். ஓரத்துல எழுதின ரெண்டு எழுத்து உங்களுக்குக் குத்துது. எங்க பொழப்புல கை வைக்கறது குத்தலையா?

கோத்தகிரி ஜீப்:
என் ஜீப்பு தேயிலைத் தோட்ட வேலைக்கு. பச்சைத் தேயிலை மூட்டை ஏத்தறேன். எதையாவது பார்த்திருந்தா போட்டோ போடுங்க. இல்லைன்னா சும்மா இருங்க. இங்க கேள்வி பிளேட் ஓரத்துல எழுதலாமா கூடாதாங்கறது.

டி போர்டு சேரிங்கிராஸ்:
போட்டோ வரும். போன சீசன்ல ஸ்டாண்டுல வச்சு என்னை என்ன பேச்சு பேசினீங்கன்னு நானும் மறக்கல.

லவ்டேல்வாசி:
என் கேள்விக்கு யாருமே பதில் சொல்லல. 66 வச்சிருக்கற உள்ளூர்க்காரன் என்ன பண்றது?

கோத்தகிரி ஜீப்:
இ-பாஸுக்கு ஆர்.சி.யும் முகவரிச் சான்றும் கொடுத்துப் பதிஞ்சுக்கங்க, அதுக்கு வழி இருக்கு. கல்லட்டிக்குப் பதிலா கூடலூர் சுத்திப் போங்க. அதை விட்டுட்டு பிளேட்டுல கை வைக்காதீங்க.

கூடலூர் மலையாளத்தான்:
ஆமா, எல்லா டிராபிக்கையும் எங்க ஊர் வழியா அனுப்புங்க. கூடலூர்னா அதுக்கு மட்டும் ஞாபகம் வரும்.

குன்னூர் ஸ்டிக்கர் கடை:
நாளைக்குக் காலையில என் சொந்த வண்டியில ஒட்டிட்டு பெட்ஃபோர்டுல நிறுத்தறேன். யார் வந்து கேக்கறாங்கன்னு பார்ப்போம். நம்பரை மறைக்கல.

கோத்தகிரி ஜீப்:
ஒட்டுங்க. நானே வந்து போட்டோ எடுத்துப் போலீசுக்கு அனுப்பறேன். 65 மில்லிமீட்டர் எழுத்து, சுத்தி வெள்ளை, வேற எதுவும் கூடாது. ஓரத்துலயும் கூடாது.

டி போர்டு சேரிங்கிராஸ்:
வரும்போது ஜீப்புலயே வாங்க அண்ணே. உங்க போர்டையும் சேர்த்து எடுத்துக்கறோம்.