இமயமலை ப்ளைனி பாறையில பதிஞ்ச கல்லுல உள்ள கீறல்: பனியாறு போட்டதா, மலை மடியும்போது விழுந்ததா?

(எழுதுறவங்க பேரெல்லாம் குமரி மாவட்ட ஊர், மலை, ஆத்துப் பேர்ல வச்ச புனைபெயர்.)

பறளியாறு:
"மடிஞ்சு நொறுங்கின மலைக்குள்ள பனியாத்தைத் தேடுறது வீண்வேலை. ப்ளைனி கல்லுல உள்ள கீறலெல்லாம் பாறையோட பாறை உரசினது." நேத்து வேளிமலை எழுதினது இது. படிச்சதுலேருந்து எரிச்சலா இருக்கு. சோலன்லேருந்து நைனிடால் வரைக்கும் இமயமலையில குரோல்ங்கற பாறைப் பட்டையில பல இடத்துல ஒரே அடுக்குதான்: கீழ கல்லும் சேறும் கலந்த ப்ளைனி, அதுக்கு மேல சில மீட்டர் கனத்துல இளஞ்சிவப்பு டோலமைட் (கால்சியத்தோட மக்னீசியமும் சேந்த கார்பனேட் பாறை), அதுக்கும் மேல இன்ஃப்ரா குரோல்ங்கற கருப்பு ஸ்லேட். சுமார் 63.5 கோடி வருஷத்துக்கு முந்தின மரினோவன் பனிக்காலத்தோட ஒப்பிடுற அடுக்கு இது. கல்லுல தேஞ்ச முகமும் கீறலும் இருக்கு. வேற என்னவேய் வேணும்?

வேளிமலை:
கீறல்தான் வேணும். பனி போட்ட கீறல். சந்திரப்பூர் பக்கம் ஈரை ஆத்துல தால்ச்சிர்ங்கற பழைய பனியாத்துப் படிவத்துக்கு அடியில உள்ள சுண்ணாம்புப் பாறைத் தளத்துல கீறல் இருக்கு. அது மடியாத இடம், ஒத்துக்கிடுகேன். இமயமலை அப்படியா? அங்க கல்லைச் சுத்தி உள்ள சேறு ஸ்லேட்டா மாறி, கல்லுமேல வழுக்கிப் போயிருக்கு. அந்த வழுக்கல் போடுற கோடு எல்லாக் கல்லுலயும் ஒரே திசையில நிக்கும். கோட்டோரம் குவார்ட்ஸ் இல்லன்னா கால்சைட் நார் படிப்படியா வளந்திருக்கும், ஒட்டின சேத்துலயும் அதே கோடு தொடரும். பனிக் கீறல் கல்லோட நிக்கும். ரெண்டு மூணு திசையில ஒண்ணை ஒண்ணு வெட்டும், ஒரு முனையில ஆழமாத் தொடங்கி மெலிஞ்சு சாகும். உம்ம கல்லுல எது இருக்கு?

மணவாளக்குறிச்சி:
ரெண்டு பேரும் முதல்ல சொல்லைப் பிரிச்சுக்கிடுங்க. கல்லும் சேறும் தரம் பிரியாம கலந்து கிடந்தா டையமிக்டைட். எப்படி வந்துதுன்னு அந்தப் பேர் சொல்லாது. பனிதான் போட்டுதுன்னு உறுதியானா மட்டும் டில்லைட். நீங்க எதைப் பத்திப் பேசுகியோ?

பறளியாறு:
வேளிமலை, கீறலை விடும். மெல்லிசா வரி வரியாப் படிஞ்ச ஸ்லேட்டுக்குள்ள தனிக்கல் கிடக்கே, அது எப்படி வந்துது? மிதக்குற பனிக்கட்டி உருகி விட்ட கல் அது. கல்லுக்கு அடியில வரி வளைஞ்சு அறுந்திருக்கு, மேல உள்ள வரி சும்மா போர்த்தியிருக்கு.

வேளிமலை:
கீறலை ஏன் விடணும்? நீருதானே கீறலைச் சான்றுன்னு கொண்டு வந்தேரு. சரி, உதிர்ந்த கல்லுக்கும் சொல்லுகேன். அழுத்தின பாறையில கிளீவேஜ் (அழுத்தத்துல உண்டாகுற பிளவுத் தளம்), கல்லுக்கு மேலயும் கீழயும் ஒரே மாதிரி வளைஞ்சு போகும். ரெண்டு ஓரத்துலயும் குவார்ட்ஸ் வால் பிடிக்கும். வெறுங்கண்ணுக்கு அது உதிர்ந்த கல் மாதிரியே தெரியும். கிளீவேஜுக்குச் செங்குத்தா, பாறை நீண்ட திசையோட சேத்து வெட்டி, 30 மைக்ரான் கனத்துக்குத் தேச்சு மைக்ராஸ்கோப்புல பாக்கணும். அடியில அறுபட்டது படிவு வரியா, கிளீவேஜான்னு அங்கதான் தெரியும். பாத்தேரா?

மருந்துவாழ்மலை:
எதுக்கு சோலன் வரைக்கும் போகணும்? நம்ம ஊர் மலைச்சரிவுல உருண்டை உருண்டையாக் கிடக்குற பாறையும் பனியாறு தள்ளினதுதான்னு ஒரு அண்ணாச்சி சொன்னாரு. அதுலயும் கோடு இருக்கு.

வேளிமலை:
தப்பு. நம்ம ஊர்ல உள்ள சார்னகைட், கார்னெட் நைஸ்ங்கற பாறையெல்லாம் வெடிப்பு வழியா தண்ணி இறங்கி, மூலை மழுங்கி, வெங்காயத் தோல் மாதிரி உரிஞ்சு நின்ன உருண்டை அது. நின்ன இடத்துலயே உருண்டையானது, யாரும் தள்ளல. நீங்க கோடுன்னு சொல்லுறது நைஸ்ல கனிமம் பிரிஞ்ச பட்டை. சுமார் 55 கோடி வருஷம் முந்தி 800 டிகிரிக்கு மேல வெந்த பாறையில கீறல் மிஞ்சுமா?

முட்டம்:
பனியாறு, பனியாறுன்னு எழுதுகியோ. கடல்ல மிதந்து கப்பலை உடைக்குறதுக்கும் மலையில இறங்குற பனியாத்துக்கும் பனிப்பாறைன்னு ஒரே சொல்லைப் போன மாசம் இதே வேளிமலைதான் எழுதினாரு. முன்ன நடந்த தேரிச் செம்மணல் விவாதத்துலயும் இப்படித்தான் கடைசியில சொல்லை மாத்தினாரு.

வேளிமலை:
தேரி மணல்ல நான் சொன்னதுல ஒரு எழுத்து மாத்தல. அதை இங்க இழுக்காதீங்க.

பறளியாறு:
டோலமைட்டுக்குப் பதில் வரலியே! பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைப் பாறை மேல விட்டா சும்மா இருக்கும், கத்தியால சுரண்டின பொடியில விட்டா நுரைக்கும். சுண்ணாம்பு இல்ல, டோலமைட்டுதான்னு அங்கேயே தெரியும். அதுல கார்பன் 13ங்கற கனமான கார்பன் குறைவு. பனி போட்ட படிவுக்கு மேல ஆஸ்திரேலியாவுலயும் நமீபியாவுலயும் இதே டோலமைட் மூடிதான். இதுவும் மலை உரசினதாலயா?

வேளிமலை:
மூடி கடலோட கதையைச் சொல்லும். அடியில உள்ள கல்லை யார் கொண்டு வந்தான்னு சொல்லாது. 1974லயே ஷெர்மர்ஹார்ன்ங்கற புவியியலாளர் கேட்டாரு: இந்த மாதிரிக் கலப்புல எத்தனை, கடலடிச் சரிவுல சேறா வழிஞ்சது? அடுத்து மண் சிதைவு எண்ணை (பாறை எவ்வளவு வேதிச் சிதைவு பட்டுதுன்னு காட்டுற எண்) கொண்டு வருவேரு, அதையும் சொல்லிடுகேன். எண் 50லேருந்து 70க்குள்ள இருந்தா குளிர்காலம்னு முடிவு கட்டுகியோ. மலை மடியும்போது பாறைக்குள்ள பொட்டாசியம் ஏறினா அந்த எண் தானா இறங்கும். கார்பனேட்டுல உள்ள கால்சியத்தைக் கழிக்க மறந்தாலும் இறங்கும். அதனாலதான் சொல்லுகேன், கீறலுக்கு வாரும்.

பறளியாறு:
சேறா வழிஞ்சா பனி இல்லன்னு ஆகுமா? பனியாத்து முகப்புல குவிஞ்சது சரிஞ்சு ஆழத்துக்குப் போறது நடக்குறதுதானே. சரிஞ்ச சேத்துக்குள்ளயும் கீறின கல் இருக்கும்.

வேளிமலை:
அந்தக் கீறின கல்லைத்தானே காட்டச் சொல்லுகேன்! ஸ்லேட்டை உடைச்சு எடுத்தா கல்லோட தோல் ஸ்லேட்டோட பிச்சுக்கிட்டுப் போயிடும். மழையில ஊறிச் சேறு பொடிஞ்ச இடமாப் பாக்கணும். எடுக்கும் முன்னால பிரண்டன் காம்பஸ் வச்சு வடக்கையும் கிடைமட்டத்தையும் கல்லுமேலயே குறிக்கணும், இல்லன்னா திசை போச்சு. குறைஞ்சது 50 கல். குவார்ட்சைட்டுல தேடாதேயும், அது லேசுல கீறல் வாங்காது. சுண்ணாம்பும் மெல்லிசான மண்கல்லும்தான் வாங்கும். ஒவ்வொரு கோட்டோட திசையையும் கிளீவேஜ் திசையோட சேத்து வலைப்படத்துல (திசையைப் புள்ளியாக் குறிக்குற வட்டப் படம்) போடும். ஒண்ணாக் குவிஞ்சா அது மலை போட்டது. சிதறினா பேசலாம்.

பறளியாறு:
பனிக்கு அடியில இழுபட்ட கல்லும் நீளவாக்குல ஒரே திசையில கீறல் வாங்கும். குவிஞ்சாலே மலைன்னு எப்படிச் சொல்லுகேரு?

வேளிமலை:
கிளீவேஜோட குவிஞ்சாங்கறேன். படிக்காமப் பதில் எழுதாதேயும்.

மணவாளக்குறிச்சி:
டையமிக்டைட்டா டில்லைட்டான்னு கேட்டேனே?

பறளியாறு:
படிச்சுட்டுதான் எழுதுகேன். கல்லு முதல்லயே நீளவாக்குல படுத்திருந்து, மலையும் அதே பக்கம் இழுத்திருந்தா ரெண்டும் ஒரே இடத்துலதான் குவியும். உம்ம வலைப்படம் அதைப் பிரிக்குமா?

வேளிமலை:
நார் வளந்திருந்தா பிரியும். நாரைப் பாத்தேரா, இல்லியா?