கலைச்சொல்: ‘அழிவுக்கடன்’ வேண்டாம், ‘அழிவு நிலுவை’ எப்படி?

வணக்கம்.

நம் சூழலியல் கலைச்சொல் பட்டியலில் ‘எக்ஸ்டிங்ஷன் டெட்’ என்பதற்கு ‘அழிவுக்கடன்’ என்று வைத்திருக்கிறோம். சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் தமிழ்க் காதில் அது வேறாக விழுகிறது என்பது என் எண்ணம்.

முதலில் பொருள். ஒரு காட்டின் பெரும்பகுதியை வெட்டினால் உயிரினங்கள் அன்றைக்கே அற்றுப்போவதில்லை. மீந்த துண்டில் நெருக்கியடித்து ஒண்டிக்கொள்ளும். ஆனால் அந்தத் துண்டு எல்லாவற்றையும் நெடுங்காலம் தாங்காது. சில இனங்களுக்கு முடிவு எழுதியாகிவிட்டது, நடந்தேறுவதுதான் பாக்கி. அதற்குப் பத்து ஆண்டும் ஆகலாம், சில நூறு ஆண்டும் ஆகலாம். 1994ல் டில்மன், மே, லேமன், நோவாக் நால்வரும் ‘நேச்சர்’ இதழ்க் கட்டுரையின் தலைப்பிலேயே இந்தச் சொல்லை வைத்தார்கள். அவர்களுடைய கணித மாதிரியில் ஒரு வியப்பு உண்டு. வாழிடம் சுருங்கும்போது முதலில் போவது அரிய இனம் அல்ல; போட்டியில் வல்லதாய், எண்ணிக்கையில் மிகுந்ததாய், பரவுவதில் மந்தமாய் இருக்கும் இனம். ஆகவே ‘இன்று நிறைய இருக்கிறதே’ என்பது பாதுகாப்புக்கு அத்தாட்சி ஆகாது.

இப்போது சொல். ‘கடன்’ கூட்டுச்சொல்லின் ஈற்றில் வரும்போது தமிழில் பல இடங்களில் கடமையைக் குறிக்கும்: காலைக்கடன், நேர்த்திக்கடன், இறுதிக்கடன். பொருள் தெரியாத ஒருவர் ‘அழிவுக்கடன்’ என்று படித்தால் ஏதோ ஈமச்சடங்கு என்றே நினைப்பார். ‘வீட்டுக்கடன்’ போலப் படித்தாலும் வழுக்கும், அழிவதற்காக வாங்கிய கடன் என்று. நான் முன்வைப்பது ‘அழிவு நிலுவை’. வந்துசேர வேண்டியது, இன்னும் வரவில்லை; அவ்வளவுதான் நிலுவை.

‘இன அழிவு’ என்று சுருக்க வேண்டாம். அந்தச் சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே வேறொரு கனத்த பொருள் இருக்கிறது. முழுவடிவம் வேண்டும் இடத்தில் ‘உயிரின அழிவு நிலுவை’ எனலாம். ‘அற்றுப்போதல்’ இன்னும் துல்லியமான சொல்தான், ஆனால் கூட்டுச்சொல்லில் அடங்க மறுக்கிறது.

இதோடு வரும் ‘ரிலாக்சேஷன் டைம்’, அதாவது வாழிடம் மாறியபின் இன எண்ணிக்கை நிலைகொள்ள ஆகும் காலம், என்பதைத் ‘தளர்வுக் காலம்’ என்றால் இயற்பியல் ஆகிவிடும். ‘தவணைக்காலம்’ என்று போடலாமா?

*

வணக்கம் ஐயா. தவணையை முதலில் தள்ளிவிடுகிறேன். சிங்கப்பூரில் எந்த மாணவரைக் கேட்டாலும் தவணை என்றால் பள்ளித் தவணைதான். மேலும் தவணைக்குத் தேதி உண்டு. நீங்கள் சொல்லும் காலத்துக்குத் தேதி கிடையாது.

நிலுவையிலும் எனக்கு இரண்டு தடைகள்.

ஒன்று, ‘வழக்கு நிலுவையில் உள்ளது’ என்றால் தீர்ப்பு வரவில்லை என்று பொருள். இங்கே தீர்ப்பு வந்துவிட்டது என்றல்லவா நீங்களே எழுதுகிறீர்கள்?

இரண்டு, கடனில் ஓர் ஆள் இருக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவின் காட்டைத் தின்றது காம்பியர் என்னும், தோல் பதனிடும் சாறு தரும் செடியும் மிளகும். காம்பியர் இலையை வேகவைத்துச் சாறு இறக்க ஓயாமல் விறகு வேண்டும். ஆகவே தோட்டத்துக்கு வெட்டியது ஒரு பங்கு, அடுப்புக்கு வெட்டியது இன்னொரு பங்கு. மண் சில ஆண்டுகளில் சத்திழந்ததும் அதை விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போனார்கள். கடனை வாங்கியவர் அந்தத் தோட்டக்காரர், அடைப்பது நாம். இந்தத் தொனி ‘நிலுவை’யில் கரைந்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

எண்களையும் தெளிவாக்குங்கள். 2003ல் புரூக், சோதி, இங் மூவரும் 1819க்குப் பின் 95 விழுக்காட்டுக்கு மேல் வாழிடம் போய்விட்டது, பதிவான இனங்களில் குறைந்தது 28 விழுக்காடு இங்கே அற்றுவிட்டன என்றார்கள். 2023ல் வெளியான ஆய்வு, பதிவாகும் முன்பே மறைந்தவற்றையும் கணித்து 37 விழுக்காடு என்றது. நிலுவை என்பது இந்த 37ஆ, மிச்சமிருப்பதில் ஒரு பங்கா? மாணவர்கள் குழம்பும் இடம் இதுதான்.

*

அம்மா, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், வரையறை அதில்தான் நிற்கிறது. 28, 37 இரண்டும் கணக்குத் தீர்ந்தவை, நிலுவை அல்ல. இன்று உயிரோடிருப்பவற்றில் இனிப் போகவிருப்பவைதான் நிலுவை.

கணக்கிடும் முறை: பரப்பு சுருங்கினால் இனங்கள் எவ்வளவு குறையும் என்று சொல்லும் பரப்பு–இன உறவின்படி, மீந்த பரப்பின் விகிதத்தை ‘இசட்’ (z) என்னும் அடுக்குக்கு உயர்த்தினால், கடைசியில் எஞ்சும் இனங்களின் விகிதம் வரும். கற்பனைக்கு, 1,000 இனங்கள், மீந்த காடு 5 விழுக்காடு, இன்று உயிரோடிருப்பவை 720 என்று வையுங்கள். இசட் 0.25 என்றால் எஞ்சுவது ஏறத்தாழ 473, நிலுவை 247. இசட்டை 0.15 ஆக்குங்கள். எஞ்சுவது 638, நிலுவை 82 மட்டுமே. ஓர் அடுக்கை மாற்றியதில் மூன்றில் இரண்டு பங்கு நிலுவை காணாமல்போகிறது! ஆகவே இசட்டைச் சொல்லாமல் நிலுவையைச் சொல்லும் எந்த வாக்கியமும் அரைகுறை. 720 என்பதும் நழுவும். பத்து ஆண்டாகக் கண்ணில் படாததை இருப்பதாக எண்ணினால் நிலுவை வீங்கும், அற்றதாக எண்ணினால் சுருங்கும்.

இன்னொன்று, இவை எல்லாம் உள்ளூர் அழிவு. வெளிர்மஞ்சள் பேரணில் இங்கே மறைந்துவிட்டது, மலேசியாவில் இருக்கிறது. வரையறையில் ‘ஓரிடத்தில்’ என்ற சொல் கட்டாயம் வேண்டும்.

வழக்கு உவமையில் உங்கள் பக்கம் பாதி நியாயம். ஆனால் நிலுவை நீதிமன்றச் சொல் மட்டுமல்ல. வரி நிலுவை, சம்பள நிலுவை என்கிறோமே, அங்கே தொகை முடிவானது, கொடுக்க வேண்டிய ஆளும் உண்டு. காம்பியர்த் தோட்டக்காரரை ‘நிலுவை வைத்துப் போனவர்’ என்றால் தொனி குறையவில்லையே!

தள்ளுபடிக்கும் இதில் இடமுண்டு. பாதுகாப்பின் வேலையே தள்ளுபடி வாங்குவதுதான். ராஃபிள்ஸ் பட்டை லங்கூர் என்னும் குரங்கை எடுங்கள். புக்கிட் தீமா காட்டில் கடைசியாக இருந்த ஒன்றை 1987ல் நாய்கள் கொன்றன. மத்திய நீர்ப்பிடிப்புக் காப்பகக் கூட்டம் 2010 வாக்கில் ஏறக்குறைய 40. பிறகு 60ஐத் தாண்டியது. ஆனால் எண்ணிக்கை ஏறினாலும் நிலுவை தீர்ந்ததாகாது. சில குடும்பங்களே வழிவந்ததால் மரபணு வகைமை மிகக் குறைவு, அது எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறாது. 2013ல் புக்கிட் தீமா விரைவுச்சாலைக்கு மேல் கட்டிய 62 மீட்டர் ஈக்கோ லிங்க் என்னும் விலங்குப் பாலமும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. துண்டான இரண்டு காடுகளையும் இணைத்தால் கணக்கில் பரப்பு கூடும், எஞ்சும் இனங்கள் கூடும், நிலுவை குறையும். மரத்தில் வாழும் விலங்குக்கோ பாலத்து மரங்கள் கிளை கோத்து வளரும்வரை அது வெறும் மண்மேடு.

மரங்களில் நிலுவை கண்ணுக்கே தெரியாது. மகரந்தம் சுமக்கும் பூச்சியோ விதை பரப்பும் பறவையோ போனபின்னும் ஒரு பெருமரம் நூறாண்டு பூத்து நிற்கும். ஆங்கிலத்தில் ‘உயிருள்ள பிணம்’ என்ற பொருளில் ஒரு சொல் உண்டு. தமிழில் நடைப்பிணம் என்போம், ஆனால் மரம் நடக்காது. அதைப் பிறகு பார்ப்போம்.

எதிர்ப்பதமும் வேண்டும். வாழிடம் மீண்டபின் வரவேண்டிய இனங்கள் உடனே வராது. சிங்கப்பூர் ஆற்றைத் துப்புரவாக்கும் பணி 1987ல் முடிந்தது. நீர்நாய்கள் 1998ல் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் தென்பட்டன, நகர நீர்நிலைகளில் குடும்பமாய்ப் பெருகியது அதற்கும் பிறகு. இருவாச்சிப் பறவை 1994ல் புலாவ் உபின் தீவுக்குத் தானே வந்தது. பொந்துள்ள பெருமரம் போதாததால் கூடுபெட்டி வைத்த பிறகே பெருகியது. ஆங்கிலத்தில் இதை ‘குடிநுழைவு வரவு’ என்ற பொருளில் சொல்கிறார்கள். நமக்குக் குடிநுழைவு என்றாலே கடப்பிதழ் வரிசை. தமிழில் வரவு என்றால் வருகையும் ஆகும், கணக்கில் சேர்வதும் ஆகும். ஆகவே ‘வரவு நிலுவை’. அழிவு நிலுவைக்கு நேர் இணை. ‘அழிவுக்கடன்’ என்று வைத்தால் இதற்கு ‘வரவுக்கடன்’ என்றா எழுதுவது?

தவணையை விட்டுவிட்டேன். ‘நிலுவைக் காலம்’ போதும்.

*

வரவு நிலுவைக்காகவே ஒப்புகிறேன் ஐயா. பதிவில் இப்படி இடலாமா:

அழிவு நிலுவை: ஓரிடத்தில் வாழிடம் குறைந்ததால் இனி அற்றுப்போகவிருக்கும், இன்று உயிரோடுள்ள இனங்களின் எண்ணிக்கை. பரப்பு அடுக்கை (இசட்) குறிப்பிடுக.

வரவு நிலுவை: ஓரிடத்தில் வாழிடம் மீண்டபின் இன்னும் வந்துசேராத இனங்களின் எண்ணிக்கை.

நிலுவைக் காலம்: வாழிட மாற்றத்துக்கும் இன எண்ணிக்கை நிலைகொள்வதற்கும் இடைப்பட்ட காலம்.

‘அழிவுக்கடன்’ என்று தேடி வருபவருக்காக ‘காண்க’ குறிப்பு ஒன்று இருக்கட்டும். ‘பாப்புலேஷன்’ என்பதற்கு இலங்கையின் குடித்தொகையா தமிழ்நாட்டு இனக்கூட்டமா என்பதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். அதற்கு ஒரு மாதம் பிடிக்கும்.