அம்மாவின் எஸ்டேட் கம்பளியை எப்படித் துவைப்பது?

வணக்கம். அம்மா வால்பாறையில் கொழுந்து பறித்த காலத்தில் எஸ்டேட்டில் கொடுத்த கம்பளி ஒன்று என்னிடம் இருக்கிறது. குடை, கம்பளி தருவது பற்றி 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. அம்மா போன பிறகு டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தது. போன வாரம் திறந்தால் ஒரே பூஞ்சை வாடை. ஒரு மூலையில் மிளகு அளவில் நாலைந்து ஓட்டை, ஓரத்தில் அரிசிமணி போலப் புழுக்கூடுகள்.

மெஷினில் போடப் பயமாக இருக்கிறது. மகனின் கம்பளி ஸ்வெட்டரை ஒருமுறை வெந்நீரில் ஓடவிட்டேன்; தலை நுழையாத அளவுக்குச் சுருங்கி, அட்டை போலக் கெட்டியாகிவிட்டது. சூடும் உரசலும் சேர்ந்தால் இழையில் உள்ள செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், அப்புறம் பிரிக்கவே முடியாது.

அதனால் பச்சைத் தண்ணீரில் பூந்திக்கொட்டைச் சாறு கலந்து, கசக்காமல் அமுக்கி எடுக்கலாம் என்றிருக்கிறேன். நனைந்தால் நல்ல கனம். கொடியில் போட்டால் இழுத்துத் தொங்கிவிடும். பாயில் விரித்து நிழலில் காயவைத்தால் வாடை போகுமா? துவைக்கும் முன் கூடுகளை எப்படி ஒழிப்பது? வசம்பு வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? கோவைப் பக்கம் ஓட்டையை இழையோட்டி அடைத்துத் தருபவர் தெரிந்தாலும் சொல்லுங்கள்.

நடுவில் கொழுந்துக் கறை ஒன்று இருக்கிறது. அது மட்டும் போகக் கூடாது.