வீட்டுலயே சுகர் பாத்து டோஸ் மாத்திக்கிட்ட கதையை டிவில சொல்லலாமா கூடாதா?

டைப்1அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு டிவி சேனல்ல இருந்து நம்ம குரூப்புக்கு கேட்டு எழுதியிருக்காங்க. வீட்டுலயே குளுக்கோமீட்டர், கைல ஒட்டற சென்சார் வச்சு சுகர் பாத்து தாங்களாவே மருந்து அளவை கூட்டி குறைச்சுக்கிட்ட சுகர்காரங்க அனுபவம் வேணுமாம், அரைமணிநேர நிகழ்ச்சி, முகம் காட்ட வேணாம்னா மறைச்சுக்கலாமாம். நான் பேசலாம்னு இருக்கேன். என் பையனுக்கு டைப் 1, உடம்புல இன்சுலின் சுரக்காம தினமும் ஊசி போட்டே ஆகற வகை. டாக்டர் மூணு மாசத்துக்கு ஒருக்கா பாக்கறாரு, நடுவுல இருக்கற அத்தனை நாளும் இட்லிக்கு எத்தனை யூனிட் இன்சுலின், ஸ்கூல்ல பிடி பீரியட் இருந்தா எவ்ளோ குறைக்கணும், காய்ச்சல் வந்தா என்ன பண்ணணும்னு முடிவு பண்றது நான்தான். இதுவும் சுய வைத்தியம்னா டைப் 1 இருக்கற எல்லா வீட்டுலயும் நடக்கறது சுய வைத்தியம்தான். ஆனா குரூப்ல சிலர் மீடியா பக்கமே போகாதீங்கன்னு தனியா மெசேஜ் போட்டீங்க. இங்கயே பேசுங்களேன்.

மெடிக்கல்கடை:
மெசேஜ் போட்டதுல நானும் ஒருத்தன் அக்கா. உங்க மேல சந்தேகம் இல்ல. ஆனா டிவி பாக்கறவங்களுக்கு டைப் 1 வேற, பெரும்பாலான பெரியவங்களுக்கு வர்ற டைப் 2 வேறன்னு தெரியாது, எல்லாம் ‘சுகர்’தான். 2021 ரெண்டாவது அலையப்போ கவுண்டர்ல நின்னவன் நான். யாரோ ஒருத்தர் இந்த மாத்திரை போட்டேன் சரியாயிடுச்சுன்னு சொன்னதை போன்ல காட்டி டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு கேட்டு வந்தாங்க, அதுவும் காய்ச்சல் வந்த முதல் நாளே. ஆக்சிஜன் வைக்கற நிலைமைக்குப் போனவங்களுக்கு உயிர் காப்பாத்தின மருந்துதான், லேசான கொரோனாக்கு அதால பிரயோஜனம் இல்ல, சுகர் இருக்கறவங்க போட்டா சுகர் தாறுமாறா ஏறும். அப்புறம் கருப்பு பூஞ்சை வந்தப்ப கண்ணு போனவங்க, தாடை எடுத்தவங்க, பெரும்பாலும் யாரு? சுகர் இருந்தவங்க, ஸ்டீராய்டு எடுத்தவங்க. அந்த அனுபவத்தை சொன்னவர் பொய் சொல்லலைன்னுதான் நான் நினைக்கறேன், அவருக்கு நிஜமாவே சரியாயிருக்கும். அதான் என் பயமே. நல்லா ஆனவங்கதான் பேட்டி குடுப்பாங்க, ஆகாதவங்களை எந்த சேனலும் தேடிப் போறதில்ல.

மாட்டுத்தாவணி:
அண்ணே நீங்க மாத்திரையை சொல்றீங்க, நான் டெஸ்ட்டை சொல்றேன். வீட்டுல டெஸ்ட் பண்றதுல என்ன ஆபத்து? எனக்கு டைப் 2. வெறும் வயித்துல பாத்துட்டு பரவால்ல பரவால்லன்னு சொல்லியே வருஷக்கணக்கா அனுப்பிட்டு இருந்தாங்க. கைல சென்சார் ஒட்டின பிறகுதான் தெரிஞ்சுச்சு, காலைல நாலு இட்லி சாம்பாரு சாப்ட்டா 240க்கு மேல போய் மதியம் வரைக்கும் இறங்கவே இல்ல, அதே இட்லியை ரெண்டாக்கி கூட ஒரு முட்டையும் சுண்டலும் வச்சு சாப்ட்டு தெருவுல ஒரு சுத்து நடந்தா 170ஐ தாண்டல. இத எனக்கு யாரும் சொல்லித்தரல, டாக்டர் ரூம்ல கெடைக்கறதே ரெண்டு நிமிஷம் வெளிய நாப்பது பேரு. இப்ப நான் மாத்திரையே இல்லாம இருக்கேன். 2017ல பிரிட்டன்ல டைரக்ட்னு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஒரு நாளைக்கு சுமார் 850 கலோரி மட்டும் குடுத்து எடையக் குறைக்க வச்சதுல ஒரு வருஷத்துல 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சுகர் கட்டுக்குள்ள வந்துருச்சு. அத நான் டிவில சொன்னா பத்து பேரு பொழைப்பான், ஏன் வாயக் கட்டறீங்க?

மெடிக்கல்கடை:
அதே ஆராய்ச்சியை முழுசா சொல்லுங்க தம்பி. சேத்துக்கிட்டவங்க எல்லாரும் சுகர் வந்து 6 வருஷத்துக்குள்ள இருந்தவங்க, உடம்பு எடை நல்லா கூடினவங்க, இன்சுலின் போடறவங்களை சேக்கவே இல்ல. மாத்திரையை முதல் நாளே நிறுத்தினாங்கதான், ஆனா கிளினிக்ல நர்ஸ், டயட்டீஷியன் கூடவே இருந்து பாத்துக்கிட்டாங்க. ரெண்டாவது வருஷம் 46 சதவீதம் 36 ஆயிடுச்சு. இவ்ளோத்தையும் டிவில சொல்ல விடுவாங்களா? ‘மாத்திரையை தூக்கிப் போட்டேன், சுகர் போச்சு’ன்னு தலைப்பு வச்சுட்டு போயிட்டே இருப்பாங்க. பாக்கறவங்கள்ல இருபது வருஷமா இன்சுலின் போடற பாட்டியும் இருப்பாங்க.

பட்டுக்கோட்டை:
மெடிக்கல்கடை அண்ணன் சொன்னதுக்கு எங்க வீட்டுலயே சாட்சி இருக்கு. எங்க மாமா ஒரு பேட்டி பாத்துட்டு சோறு இட்லி தோசை எல்லாத்தையும் ஒரேடியா நிறுத்திட்டாரு. அவரு அப்ப டாபாக்ளிஃப்ளோசின்னு ஒரு சுகர் மாத்திரை போட்டுட்டு இருந்தாரு, அத நிறுத்தல. கொஞ்ச நாள்ல வாந்தி, வயித்து வலி, மூச்சு வாங்குது. மீட்டர்ல பாத்தா 180. 180தானே சுகர் ஒண்ணும் இல்ல கேஸ் ட்ரபிள்னு சொல்லிட்டு ரெண்டு நாள் வீட்டுலயே கிடந்தாரு, அப்புறம் கேஷுவாலிட்டில பாத்தப்பதான் ரத்தத்துல கீட்டோன், அதாவது உடம்பு கொழுப்பை எரிக்கறப்ப வர்ற பொருள், ஏறி அமிலமாகியிருக்குன்னு சொன்னாங்க, ஐசியூல வச்சு காப்பாத்துனாங்க. அந்த வகை மாத்திரை சுகரை ஒண்ணுக்கு வழியா வெளிய தள்ளிடும், அதனால உள்ள கீட்டோன் எகிறும்போது கூட மீட்டர்ல நம்பர் பெருசா காட்டாதாம். அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2015லயே இதுக்கு எச்சரிக்கை குடுத்துருக்கு. பேட்டி குடுத்தவரு இந்த மாத்திரை போடறவங்க இப்படி பண்ணாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. அவரு அந்த மாத்திரை போடல, அவருக்கு தெரிஞ்சிருக்காது.

லேப்காரர்:
டெஸ்ட் பண்றதுல என்ன ஆபத்துன்னு கேட்டீங்களே மாட்டுத்தாவணி, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் என் பதில். வீட்டு மீட்டருக்கு இருக்கற உலகத் தரம் என்னன்னா, 100க்கு மேல இருக்கும்போது நூத்துல 95 தடவை லேப் அளவுல இருந்து 15 சதவீதத்துக்குள்ள இருந்தா பாஸ். அதாவது நிஜ அளவு 200னா மீட்டர் 172 காட்டினாலும் 228 காட்டினாலும் அது நல்ல மீட்டர்தான். மாம்பழம் சாப்ட்ட கையைக் கழுவாம குத்தினா விரல்ல இருக்கற சக்கரையும் சேந்து வரும். சென்சார் ரத்தத்தை அளக்கறதில்ல, தோலுக்கு அடில இருக்கற திரவத்தை அளக்குது, சுகர் வேகமா ஏறும்போதும் இறங்கும்போதும் அது சில நிமிஷம் பின்தங்கித்தான் காட்டும், அந்தக் கை மேல அழுத்திப் படுத்தா ராத்திரி பொய்யா லோ அடிக்கும். அப்புறம் மூணு மாச சராசரி சொல்ற ஹெச்பிஏ1சி. இரும்புச்சத்து குறைஞ்ச ரத்த சோகை இருந்தா அது நிஜத்தை விட கூடவே காட்டலாம். இந்தியாவுல 15ல இருந்து 49 வயசுப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகைன்னு தேசிய குடும்ப நல ஆய்வே சொல்லுது. அப்ப அந்த ஒரு நம்பரைப் பாத்துட்டு ஒரு அம்மா தானா மாத்திரையைக் கூட்டிக்கிட்டா என்ன ஆகும்? வீட்டுல டெஸ்ட் பண்ணாதீங்கன்னு நான் சொல்லல. டிவில நம்பரைக் காட்டாதீங்க, அவ்ளோதான்.

டைப்1அம்மா:
எல்லாத்தையும் படிச்சேன். பட்டுக்கோட்டை, உங்க மாமா கதையைப் படிச்சப்ப நிஜமா பதறிடுச்சு, நல்லவேளை பொழச்சாரு. ஆனா எனக்கு இன்னொரு பக்கமும் சொல்லணும். நோயாளிங்க வாய மூடிட்டு இருந்திருந்தா இந்த வீட்டு மீட்டரே வந்திருக்குமா? எங்க தாத்தா காலத்துல ஒண்ணுக்கை பெனடிக்ட் கரைசல்ல காய்ச்சி, நீலமா இருந்தா இல்ல, பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் வந்தா ரொம்ப அதிகம்னு பாப்பாங்க. ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன்னு ஒருத்தர், அமெரிக்காவுல இஞ்சினியர், 12 வயசுல இருந்து டைப் 1. 1969ல ஒரு விளம்பரத்துல ரத்தத்துல சுகர் பாக்கற மெஷினைப் பாத்தாரு, விலை 650 டாலர், ஆனா டாக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் குடுப்பாங்க, நோயாளிக்கு இல்ல. அவரு மனைவி டாக்டர்ங்கறதால அவங்க பேர்ல வாங்கினாரு. ஒரு நாளைக்கு பல தடவை குத்திப் பாத்து சாப்பாட்டையும் ஊசியையும் தானே சரி பண்ணி, அத எழுதி அனுப்பினா மருத்துவ பத்திரிகைங்க ஏத்துக்கல, டாக்டர் இல்லாத ஆளு பேச்சை யாரு கேப்பான்னு. நாப்பது வயசுக்கு மேல மெடிக்கல் காலேஜ்ல சேந்து டாக்டரானாரு. அப்புறம் 1993ல வந்த பெரிய ஆராய்ச்சி, 1441 பேரை வருஷக்கணக்கா பாத்தது, சுகரை அடிக்கடி பாத்து நெருக்கமா கட்டுப்படுத்தினா டைப் 1ல கண் பாதிப்பு வர்றது 76 சதவீதம் குறையுதுன்னு நிரூபிச்சுது. அவரு தனி ஆளா நின்னு சொன்ன விஷயம்தான் அது.

இன்னும் கிட்டத்துல பாத்தா 2013ல அமெரிக்காவுல ஒரு அப்பா, நாலு வயசுப் பையனுக்கு டைப் 1, பையன் ஸ்கூல்ல இருக்கறப்ப சென்சார் நம்பரை தன் போன்ல பாக்கணும்னு தானே கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் கோடு எழுதி, அத ட்விட்டர்ல போட்டாரு. அதுல இருந்துதான் சென்சார் நம்பரை தூரத்துல இருந்து பாக்கற நைட்ஸ்கவுட்ங்கற சாஃப்ட்வேர் வந்துச்சு, நோயாளிங்களே சேந்து ‘நாங்க காத்திருக்க மாட்டோம்’னு ஒரு இயக்கமே ஆச்சு, தானா இன்சுலின் அளவை மாத்தற கருவி செட்டப்பை வீட்டுலயே கட்டினாங்க. அதுல ஒண்ணு 2023ல எஃப்டிஏ அனுமதியே வாங்கிடுச்சு. இவங்கள்லாம் மீடியால பேசலேன்னா கம்பெனிக்காரங்க அசைஞ்சிருப்பாங்களா?

மெடிக்கல்கடை:
அசைஞ்சிருக்க மாட்டாங்க, ஒத்துக்கறேன். ஆனா அதே எஃப்டிஏ 2019 மே மாசம் எச்சரிக்கையும் விட்டுச்சு அக்கா, அனுமதி இல்லாத கருவிங்களை சேத்துக் கட்டின ஒருத்தருக்கு இன்சுலின் ஓவர்டோஸ் ஆகி சிகிச்சை தேவைப்பட்டுச்சு. நைட்ஸ்கவுட் ஆளுங்க ப்ரோக்ராம் கோடை எல்லாரும் பாக்கற மாதிரி திறந்து வச்சாங்க, எது உடைஞ்சுது எது தப்பா கணக்கு போட்டுச்சுன்னு அங்கயே எழுதினாங்க, படிச்சவன் திருத்தினான். டிவில திருத்த யாரு இருக்கா? 2018ல திருப்பூர்ல யூடியூப் பாத்து வீட்டுலயே பிரசவம் பண்ணப் போய் ஒரு பொண்ணு செத்துப் போச்சே. வீட்டுல சுகமா பெத்தேன்னு சொன்னவங்க வீடியோ அதுக்கப்புறமும் ஓடிட்டுதான் இருந்துச்சு.

பழையநிருபர்:
நான் பத்திரிகை, டிவி ரெண்டுலயும் இருந்தவன். உள்ள நடக்கறதை சொல்றேன். நீங்க ஒரு மணி நேரம் பேசுவீங்க, அதுல போறது மூணு நிமிஷம். எடுக்க வந்த ரிப்போர்ட்டர் நல்லவரா இருப்பாரு, ஆனா தலைப்பு வைக்கறதும் தம்ப்நெயில் போடறதும் வேற ஆளு, அவரு உங்க பேட்டியை முழுசா பாத்திருக்கவே மாட்டாரு. ‘டாக்டர்கிட்ட கேட்டுட்டு’ன்னு நீங்க சொன்ன வரிதான் முதல்ல வெட்டுப்படும், ஏன்னா அது எல்லாரும் சொல்ற வரி. சட்டமும் பெருசா உதவாது. சுகரை குணமாக்கும்னு விளம்பரம் பண்றதை 1954ல வந்த மருந்து, மாயத் தீர்வுகள் சட்டம் தடுக்குது. ஆனா இது ஒருத்தரோட அனுபவம்தான், விளம்பரம் இல்லன்னு சொல்லி நழுவப் பாக்கறாங்க, அந்த சந்து வழியாத்தான் பவுடர் விக்கறவன், லேகியம் விக்கறவன் எல்லாம் நோயாளியைக் கூட்டிட்டு வந்து உக்கார வைக்கறான்.

இவ்ளோ சொல்லிட்டும் நான் பேசுங்கன்னுதான் சொல்வேன். நீங்க வரமாட்டேன்னு சொன்னா நிகழ்ச்சி நிக்காது, அந்த நாற்காலில பவுடர் கம்பெனி ஆளு வந்து உக்காருவான். விவரம் தெரிஞ்ச நோயாளி ஒதுங்கி ஒதுங்கித்தான் அந்த இடம் அவங்களுக்குப் போச்சு. நிபந்தனையை முன்னாடியே எழுத்துல அனுப்புங்க. என்ன வகை சுகர், எத்தனை வருஷம், கூட என்ன மாத்திரை, யார் கண்காணிப்புல, இது நாலும் திரையில எழுத்தா வரணும்னு கேளுங்க. பேச்சை வெட்டிடுவாங்க, திரையில ஓடற எழுத்தை வெட்டறது கஷ்டம். நேரலைன்னா இன்னும் நல்லது, வெட்ட முடியாது.

மெடிக்கல்கடை:
சார் சொல்றது நியாயமா இருக்கு, ஆனா எனக்கு மனசு ஒப்பல. சரி, மாட்டுத்தாவணி தம்பிகிட்ட ஒண்ணு கேக்கணும். மாத்திரை இல்லாம இருக்கேன்னு சொன்னீங்களே, நிறுத்தினது யாரு? என்ன மாத்திரை?

மாட்டுத்தாவணி:
கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் போட்டுட்டு இருந்தேன். சாப்பாட்டை மாத்தினதும் சென்சார்ல சாயந்திரம் 60, 65னு இறங்குச்சு, கிராஃபை கொண்டு போய் டாக்டர்ட்ட காட்டினேன். பாத்துட்டு கிளிமெபிரைடை அன்னைக்கே நிறுத்தச் சொல்லிட்டாரு, அது பட்டினி கிடந்தாலும் சுகரை இறக்கிட்டே இருக்கும், மயக்கம் போட்டு விழுந்துருவன்னு சொன்னாரு. அப்புறம் மெல்ல மெட்ஃபார்மினையும் குறைச்சு நிறுத்தினாரு.

பட்டுக்கோட்டை:
அண்ணே இத நீங்க முதல் பதிவுல சொல்லவே இல்லயே. அங்க படிச்சா நீங்களா நிறுத்தின மாதிரில்ல இருக்கு. எங்க மாமா பாத்த பேட்டியும் இப்படித்தான் இருந்திருக்கும்.

மாட்டுத்தாவணி:
யாரும் கேக்கல, நானும் சொல்லல. ஆனா அந்த கிராஃபை எடுத்தது நான், காசு போட்டு சென்சார் வாங்குனது நான், கொண்டு போய் காட்டலேன்னா அவரு பழைய மாத்திரையத்தான் திருப்பி எழுதியிருப்பாரு. அத டிவில சொல்லத்தான் செய்வேன். டாக்டர் நிறுத்தினதையும் சேத்து சொல்றேன், அதுல எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது.

லேப்காரர்:
கிளிமெபிரைடு பேரையும் சொல்லுங்க தயவுசெஞ்சு. அது போட்டுட்டு சாப்பாட்டைக் குறைக்கற வயசானவங்க எத்தனை பேரை 40, 45ல தூக்கிட்டு வர்றாங்கன்னு எங்க லேப்ல ரத்தம் எடுக்கறப்ப பாக்கறேன்.

டைப்1அம்மா:
சேனலுக்கு பதில் அனுப்பிட்டேன். நிருபர் ஐயா சொன்ன நாலும் திரையில எழுத்தா வரணும், பையன் பேரு, ஸ்கூல் வரக்கூடாது, யூனிட் கணக்கு சொல்ல மாட்டேன், ஏன்னா ஒரு புள்ளைக்கு ஒரு யூனிட் இறக்கறது இன்னொரு புள்ளைக்கு மூணு மடங்கு இறக்கும். அதுக்கு பதிலா எப்படி பாக்கறோம், எப்ப டாக்டருக்கு போன் போடறோம், மீட்டர்ல செருகற ஸ்ட்ரிப்புக்கு மாசாமாசம் எவ்ளோ ஆகுது, எத்தனை அம்மா அப்பா காசில்லாம ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் குத்திப் பாக்கறாங்கன்னு பேசறேன்னு எழுதினேன். ஸ்ட்ரிப் அரசாங்கமே இலவசமா குடுக்கணும்னு கேக்கறதுக்காகத்தான் எனக்கு இந்த டிவியே வேணும்.

மெடிக்கல்கடை:
நான் இன்னும் வேணாம்னுதான் சொல்றேன் அக்கா. போறதுன்னு முடிவு பண்ணிட்டா வாந்தி, வயித்து வலி, மூச்சு வாங்கினா மீட்டர்ல நம்பர் குறைவா இருந்தாலும் கீட்டோன் பாக்கணும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு கட்டாயம் சொல்லுங்க. கீட்டோன் ஸ்ட்ரிப் பக்கத்து கடைல இல்லேன்னா சொல்லி வச்சா வரவழைச்சுத் தருவாங்க.

டைப்1அம்மா:
கண்டிப்பா சொல்றேன் தம்பி, எழுதி வச்சுக்கிட்டேன். சேனல்ல இருந்து இப்பதான் பதில் வந்துச்சு, யூனிட் கணக்கு சொன்னாதான் நிகழ்ச்சி நல்லா இருக்கும், கொஞ்சம் யோசிங்கன்னு. முடியாதுன்னு சொல்லிட்டேன். மேல என்ன சொல்றாங்கன்னு பாத்து இங்க போடறேன்.