இரவு பதினொரு மணிக்குப் பதில் சொல்லும் பொட்: வகுப்பு நடத்துபவர்களின் அனுபவங்கள்

கோண்டாவிலிலிருந்து ஒரு கராத்தே ஆசிரியர்

சின்ன மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஷொட்டோகான் கராத்தே படிப்பிக்கிறேன். பகலில் எனக்கு வேறு வேலை. கிழமையில் மூன்று நாள் பின்னேரம் வகுப்பு. புதுப் பிள்ளைகள் சேர்வது பெரும்பாலும் தை மாதத்திலும், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த பிறகும்தான். மற்ற நேரமெல்லாம் ரியூசனோடு போட்டி போட முடியாது.

பிள்ளையைக் கராத்தேக்கு விடுகிற யோசனை ஒரு தாய்க்கு எப்போது வருகிறது? சமைத்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகள் படுத்த பிறகு போனை எடுக்கும்போதுதான். இரவு பத்தரைக்கும் பதினொன்றுக்கும் வருகிற அந்தக் கேள்விகளுக்கு நான் அடுத்த நாள் மத்தியானம் பதில் போடுவேன். அதற்குள் ஆர்வம் போயிருக்கும். வட்ஸ்அப் பிஸ்னஸில் "இப்போது வகுப்பில் இருக்கிறோம், பிறகு தொடர்பு கொள்கிறோம்" என்று தானாகப் போகும்படி வைத்துப் பார்த்தேன். அதைப் பார்த்துவிட்டு யாரும் மறுபடி எழுதவில்லை.

அக்காவின் மகன் கணினி படிக்கிறான். போன வருசம் அவன்தான், கேட்கிற கேள்விக்குத் தானாகப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு மொழிமாதிரி ஒன்றை எங்கள் வட்ஸ்அப் இலக்கத்தோடு இணைத்துத் தந்தான். பொட் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். வகுப்பு நேரம், கட்டணம், இடம், எந்த வயதிலிருந்து சேர்க்கலாம், முதல் நாள் என்ன உடுப்பு என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். முதல் மாதமே வித்தியாசம் தெரிந்தது. கனடாவில் இருக்கும் தகப்பன்மார் தங்கள் மத்தியானத்தில், அதாவது எங்கள் நடுச்சாமத்தில், கேட்பதற்கெல்லாம் உடனே பதில் போனது. காசு அனுப்புவது அவர்கள், பிள்ளையைக் கூட்டி வருவது அம்மம்மா. இருவருக்கும் ஒரே தகவல் கிடைத்தது எனக்குப் பெரிய நிம்மதி.

அப்புறம்தான் அந்தச் சம்பவம். வேலணையில் இருந்து ஒரு தாய் இரவில் எழுதியிருக்கிறார்: "பொம்பிளைப் பிள்ளை, பதின்மூன்று வயசு. பெண் மாஸ்ரர் இருக்கிறாவோ?" பொட் கொடுத்த பதில்: "ஆம், எங்களிடம் அனுபவமிக்க பெண் பயிற்றுநர்கள் உள்ளனர்." நான் கொடுத்த பக்கத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இந்த மொழிமாதிரிகள் அடுத்து வரக்கூடிய சொல் எதுவென்று கணித்துத்தான் எழுதுகின்றன. தகவல் இல்லாத இடத்தை, வகுப்பு நடத்துபவர்கள் வழக்கமாகச் சொல்லும் வசனத்தால் நிரப்பிவிட்டது.

சனிக்கிழமை அவர் மகளோடு பண்ணைப் பாலம் கடந்து, யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து வந்து வாசலில் நின்றார். உள்ளே நானும் கறுப்புப் பட்டி பெடியன்கள் இரண்டு பேரும். போனைக் காட்டி, "சேர், இது உங்கட நம்பரிலிருந்துதானே வந்தது?" என்று கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டுவிட்டு பஸ் வரும்வரை றோட்டில் அவர்களோடு நின்றேன். அந்தப் பிள்ளை புதுசாக வாங்கிய வெள்ளை ரீசேட் போட்டிருந்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

அன்றிரவே பொட்டை நிறுத்தினேன். இரண்டு கிழமை கழித்து, மருமகனோடு இருந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதிய பிறகுதான் மறுபடி விட்டேன். நான் எழுதிக் கொடுத்த பக்கத்தில் இல்லாத எதையும் பொட் சொல்லக்கூடாது, "தெரியாது, மாஸ்ரர் அழைப்பார்" என்று நிறுத்த வேண்டும். காயம், வருத்தம், பாதுகாப்பு பற்றிய கேள்விகளும், யார் படிப்பிக்கிறார்கள் என்ற கேள்வியும், கட்டணக் குறைப்பும் நேரே எனக்கு வரவேண்டும். இந்தக் கட்டளைகளை அது எப்போதும் நூற்றுக்கு நூறு கேட்கும் என்று நம்பவும் முடியாது. அதனால் ஒவ்வொரு இரவும் படுக்க முதல் எல்லா உரையாடலையும் வாசிக்கிறேன்.

அப்படி வாசித்ததில்தான் எனக்குப் பெரிய பயன். ஒரு பெற்றோராவது கட்டா (தனியாகச் செய்யும் அசைவு வரிசை), குமித்தே (இருவர் மோதிப் பழகுவது), எத்தனை பட்டி என்று கேட்கவில்லை. எத்தனை மணிக்கு முடியும், றோட்டில் லைற் இருக்கிறதா, கூட்டிப்போக நாங்கள் பிந்தினால் யார் நிற்பார்கள், படிப்புக் குழம்புமோ, பெடியன் அடிபிடிக்காரன் ஆகிவிடுவானோ. இவ்வளவுதான். நானோ இத்தனை வருசம் பேஸ்புக்கில் ஓடு உடைக்கிற படமும் பறந்து உதைக்கிற படமும் போட்டுக்கொண்டிருந்தேன்! இப்போது போடுவது, வகுப்பு முடிந்து கடைசிப் பிள்ளை போகும்வரை நாங்கள் வாசலில் நிற்கும் படம்.

என்னிடம் சின்ன வயதில் இருந்து பழகி, இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மாணவியைக் கேட்டு, சனிக்கிழமை வகுப்புக்கு வரச் செய்திருக்கிறேன். அவரும் கறுப்புப் பட்டிதான். வேலணை அம்மாவுக்கு நானே அழைத்துச் சொன்னேன். "பாப்பம் சேர்" என்றார்.

சாவகச்சேரியிலிருந்து ஒரு சிலம்ப ஆசிரியர்

மாஸ்ரர் எழுதியதை வாசித்ததால் நானும் சொல்கிறேன். எங்கள் பொட்டில் முதல் சிக்கல் தமிழ்தான். "ரொம்ப நன்றி சார், உங்க பையனை சேர்க்க ஆவலா இருக்கோம்" என்று எழுதியது. ஒரு தாத்தா திருப்பிக் கேட்டார்: "தம்பி, இந்தியாவில இருந்தோ கதைக்கிறியள்?" அதோடு அவர் விட்டுவிட்டார். இந்தியத் தமிழில் எனக்குக் குறையில்லை. ஆனால் பக்கத்து ஊரில் இருக்கிற வாத்தியார் வேறு நாட்டுக்காரர் மாதிரிப் பேசினால் சனத்துக்கு நம்பிக்கை வராது. என் போனில் நானே பெற்றோருக்கு எழுதிய பழைய பதில்களில் இருபதை எடுத்து உதாரணமாகக் கொடுத்தோம். படிப்பிக்கிறோம், கிழமை, பின்னேரம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ என்று எல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சு. ஓரளவு திருந்தியது.

அடுத்தது பட்டி. சிலம்பத்தில் வெள்ளைப் பட்டியில் தொடங்கிக் கறுப்புப் பட்டி வரை போகலாம் என்று ஒருவருக்குச் சொல்லியிருக்கிறது. பட்டி தருகிற இடங்கள் இருக்கலாம், எங்களிடம் இல்லை. நாங்கள் முதலில் காலடி வைப்பு, பிறகுதான் வீச்சு. கம்பு பிள்ளையின் நெற்றி உயரத்துக்கு அளந்து வெட்டுவோம். இதையெல்லாம் எழுதிக் கொடுத்தால்தான் அதற்குத் தெரியும். இல்லாவிட்டால் உலகத்தில் உள்ள எல்லாக் கலையையும் கராத்தே ஆக்கிவிடும்.

இன்னொன்று, எங்கள் பக்கத்து அம்மம்மாமார் தட்டுவதில்லை, குரலில் பேசித்தான் அனுப்புவார்கள். எங்கள் பொட் அதைக் கேட்காது. ஒரு கிழமையாகப் பதில் இல்லாமல் கிடந்த குரல்களைப் பிறகுதான் கண்டேன். அதிலே இன்னொரு இடைஞ்சல்: வட்ஸ்அப்பில் இப்படி இணைத்து நடத்தும்போது, அவர்கள் கடைசியாக எழுதி 24 மணித்தியாலம் கடந்தால் நாங்கள் விரும்பியபடி எழுத முடியாது, முன்பே அனுமதி பெற்ற வசனம் மட்டும்தான் அனுப்பலாம். நான் ஒவ்வொருவருக்கும் சாதாரணமாக அழைப்பு எடுத்தேன். குரல் வந்தால் எனக்கு உடனே தெரியும்படி இப்போது வைத்திருக்கிறோம்.

உரும்பிராயிலிருந்து ஒரு தாய்

நான் மறுபக்கத்தில் இருந்தவள். என் மகனைப் பள்ளிக்கூடத்தில் சில பெடியன்கள் தொடர்ந்து கரைச்சல் கொடுத்தார்கள். வீட்டில் ஒருவருக்கும் சொல்ல முடியாமல், ஒரு வகுப்பின் இலக்கத்துக்கு இரவில் எழுதினேன். கட்டணம் கேட்கத்தான் தொடங்கினேன். பதில் பொறுமையாக வந்ததும் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். மகனின் பெயர், பள்ளிக்கூடம், வகுப்பு, யார் அடித்தது. ஒரு மனிசரிடம் அவ்வளவு சொல்லியிருக்க மாட்டேன். கடைசியில்தான் அது மெசின் என்று தெரிந்தது. விடியும்வரை நித்திரை இல்லை, இதை யார் யார் வாசிப்பார்கள் என்று.

காலையில் அந்த மாஸ்ரர் அழைத்தார். எழுதிய எதையும் பற்றிக் கேட்கவில்லை. "தம்பியைச் செவ்வாய்க்கிழமை கூட்டிக்கொண்டு வாங்கோ அக்கா, முதல் நாள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கட்டும்" என்றார். மகன் இப்போது போகிறான். ஆனால் அது மெசின் என்று முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

கோண்டாவில் ஆசிரியர், மறுபடி

அக்கா, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு எங்கள் பழைய உரையாடல்களைப் போய்ப் பார்த்தேன். பிள்ளைகளின் பெயர், பள்ளிக்கூடம், ஆஸ்துமா, வீட்டுப் பிரச்சினை எல்லாம் அதில் கிடக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளின் தரவை விசேட வகையாகவே வைத்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், ஒரு தாய் இரவில் எழுதியதைப் பாதுகாக்க வேண்டியது எங்கள் கடமை. சேராதவர்களின் உரையாடல்களை எங்கள் பக்கத்தில் இருந்து அழித்துவிட்டோம். ஆனால் எழுதியது வெளிநாட்டுக் கணினி வழியாகப் போய்த்தான் வருகிறது, அது என் கையில் இல்லை. அதனால் எழுதாமல் தடுப்பதுதான் வழி.

நேற்றிலிருந்து எங்கள் பொட் முதலில் சொல்வது இது. தேவையானவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்:

"வணக்கம். நான் மாஸ்ரர் இல்லை, பதில் சொல்லும் மெசின். நேரம், கட்டணம், இடம் என்னிடம் கேளுங்கோ. பிள்ளையின் பெயர், பள்ளிக்கூடம், வருத்தம் எதையும் இங்கே எழுத வேண்டாம். அதை மாஸ்ரரோடு நேரே கதையுங்கோ. 'அழையுங்கள்' என்று மட்டும் எழுதினால் போதும், காலை எட்டு மணிக்கு முதல் அவர் எடுப்பார்."