காசிமேட்டில் குடும்பத்துடன் படகு பார்க்க மே மாதம் போகலாமா?

வண்ணை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் குடியிருக்கிறோம். என் எட்டு வயது மகன் ஏதோ ஒரு வெளிநாட்டுப் படகுக் கண்காட்சியின் காணொளியைப் பார்த்துவிட்டு, கோடை விடுமுறையில் தன்னையும் அப்படி ஓர் இடத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்று ஒரு வாரமாக நச்சரிக்கிறான். மே மாதம் சேலத்திலிருந்து நாத்தனார் மகனும் வருகிறான். அவன் ஒகேனக்கலில் பரிசல் ஏறியிருக்கிறானே தவிர, கடலில் ஓடும் படகை அருகில் பார்த்ததில்லை. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, படகு பார்க்க முட்டுக்காடு படகுத் துறை வரை போவதா என்று என் கணவர் கேட்கிறார்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போகும் இடம், அவ்வளவுதான். ஒருநாளும் படகை நின்று பார்த்ததில்லை. மே மாதம் மீன்பிடித் தடைக்காலம் ஆயிற்றே, போனாலும் பார்க்க ஒன்றும் இருக்காதா? அல்லது கடற்படைக் கப்பல்களைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடும்வரை பொறுத்திருப்பது மேலா? முழங்கால் வலியுள்ள மாமியாரும் உடன் வருவதாகச் சொல்கிறார் என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

வலைவீட்டுக்காரன் எழுதியது:

சகோதரி, படகு பார்ப்பதற்குத் தடைக்காலத்தைவிட நல்ல காலம் கிடையாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவம் என்பதால் இந்த ஏற்பாடு. மற்ற மாதங்களில் நீங்கள் போனால் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். அணியம் எனும் முன்முனையும் டிரைவர் நிற்கும் கூண்டும் மட்டுமே கண்ணில் படும், பாதிப் படகு தண்ணீருக்குள் இருக்கும். தடைக்காலத்திலோ பழுது பார்ப்பதற்காகப் பல படகுகளைக் கரையேற்றி, மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். ஐம்பது அறுபது அடி நீளமுள்ள ஒரு படகின் அடிவயிற்றைத் தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பது, என்னைக் கேட்டால், எந்தக் கண்காட்சிக்கும் குறைந்ததில்லை.

பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் நல்லது. மரப்படகு ஒன்று பலகை பிரித்த நிலையில் இருந்தால் அதன் முன்னால்தான் முதலில் நிறுத்துங்கள். அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டைக்கு ஏரா என்று பெயர். அதிலிருந்து இருபுறமும் விலா எலும்பு போல எழுபவை வங்குகள். அவற்றின்மேல்தான் பலகை அறைகிறார்கள். இரண்டு பலகைகளுக்கு நடுவிலுள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை உளியாலும் சுத்தியலாலும் அடித்து நுழைத்து, அதன்மேல் மெழுகுபோன்ற பசையை அப்புவார்கள். இதைக் கலப்பத்து என்பார்கள். தண்ணீரில் இறங்கியதும் மரம் ஊறிப் பருத்து, அந்தத் திரியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் அதிக நாள் காய்ந்த படகு முதல் நாள் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். அதற்காக யாரும் பதறுவதில்லை. இப்போது இரும்புப் படகுகளும் பெருகிவிட்டன, அங்கே உளிச் சத்தத்துக்குப் பதில் வெல்டிங் பொறிதான். பிள்ளைகள் அதை நேராகப் பார்க்காதபடி கவனித்துக்கொள்ளுங்கள்.

படகின் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும் பதிவெண்ணையும் படிக்கச் சொல்லுங்கள். டி.என். என்பது தமிழ்நாடு, எம்.எம். என்பது விசைப்படகு, எம்.ஓ. என்பது வெளிப்பொருத்து எஞ்சின் வைத்த ஃபைபர் படகு. என் பேரன் எம்.எம். எத்தனை, எம்.ஓ. எத்தனை என்று எண்ணியே ஒரு காலைப் பொழுதைக் கழித்தான்.

தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடித்தால் உங்கள் மாமியாருக்குச் சிரமம் இராது. காலை ஆறரைக்குள் போய்விடுங்கள். ஒன்பது மணிக்குமேல் மே மாத வெயிலில் அங்கே நிற்க முடியாது.

துறைமுகத் தோழன் எழுதியது:

போர்க்கப்பலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1971ஆம் ஆண்டுப் போரில் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கியதன் நினைவாக டிசம்பர் 4ஆம் தேதி கடற்படை தினம் கொண்டாடப்படுகிறது. அதையொட்டிய நாட்களில் சில ஆண்டுகளில் சென்னைத் துறைமுகத்தில் கப்பல்களைப் பார்வையிட அனுமதிப்பார்கள். அறிவிப்பு செய்தித்தாளில் வரும். ஆதார் போன்ற அசல் அடையாள அட்டை அவசியம், கைப்பையும் கைப்பேசியும் எடுத்துப் போகாமல் இருப்பதே உத்தமம். ஆனால் கப்பலுக்குள் படிகள் ஏறக்குறைய ஏணிபோல் செங்குத்தாக இருக்கும், கதவு நிலைகள் ஒவ்வொன்றையும் காலைத் தூக்கிவைத்துத் தாண்ட வேண்டும். முழங்கால் வலியுள்ளவரை அங்கே அழைத்துப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பையன்களை டிசம்பரில் தனியே கூட்டிப் போங்கள்.

ராயபுரத்துப் பெண் எழுதியது:

மேலே வலைவீட்டுக்காரர் ஐயா சொன்னவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. ஃபைபர் படகுகளைப் பழுது பார்க்கும் இடத்தில் கிரைண்டர் வைத்துத் தேய்ப்பார்கள், அந்தத் தூளில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி இழைகள் பறக்கும். குழந்தைகள் மேல் பட்டால் இரண்டு நாள் அரிப்பு நிற்காது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கமாக நடங்கள்.

இன்னொன்று, அது கண்காட்சி அல்ல, வேலை நடக்கும் இடம். தடைக்காலம் எங்களுக்கு வருமானம் இல்லாத காலம். ஒரு குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். இரண்டு மாதத்தை அதில் ஓட்டுவது எப்படி என்பது வீட்டுக்கு வீடு வேறு கணக்கு. ஆகவே படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டுவிட்டால் பெரும்பாலோர் தாமே முன்வந்து விளக்குவார்கள், சிலர் படகில் ஏற்றியும் காட்டுவார்கள்.

கட்டுமரம் கண்ணில் பட்டால் தவற விடாதீர்கள், அது அரிதாகிவிட்டது. ஆங்கிலேயர் கட்டமரான் என்று எழுதியது இதைத்தான். இன்று அந்தப் பெயரில் ஓடும் இரட்டை உடல் சொகுசுப் படகுக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒட்டுறவு குறைவு; இது கயிற்றால் சேர்த்துக் கட்டிய மரத்துண்டுகள், கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போடலாம். துறைமுகம் கட்டுவதற்கு முன் சென்னைக்கு வந்த கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை ஆணியே இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள். அவற்றைத் துடுப்புப் போட்டவர்கள் எங்கள் பகுதி மக்கள்தான். ராயப்பர் என்றால் புனித பேதுரு, அவர் பெயரால்தான் ராயபுரம் என்று எங்கள் வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகத்துக்குக் கல்சுவர் எழுப்பிய பிறகு, தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே எங்கள் கரையைக் கடல் தின்றது. வழியில் நீங்கள் பார்க்கப்போகும் பாறைக் குவியல்கள் அதற்காகப் போட்டவை. பையன்கள் கேட்டால் இதையும் சொல்லுங்கள்.

வண்ணை வாசகி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஞாயிறு காலை ஆறேகாலுக்கே போய்விட்டோம். பையன்கள் புரொப்பல்லரைப் பார்த்ததும் ஓடிப் போய் அதன் இதழ்களுக்கு நடுவே நின்றுகொண்டார்கள். என் மகனின் தலை அதன் நடுக்குமிழுக்குச் சற்று மேலே தெரிந்தது. சற்றுத் தள்ளி ஒரு பெரியவர் தாழ்வான பலகையில் அமர்ந்து கலப்பத்து அடித்துக்கொண்டிருந்தார். உளியை வைப்பதும் தட்டுவதும் நகர்த்துவதுமாக, திரி ஒரே சீராக இடுக்குக்குள் மறைந்துகொண்டே போயிற்று. சேலத்துப் பையன் கேட்டதும் உளியை அவன் கையில் கொடுத்தார். அவன் அடித்த அடியில் திரி பிதுங்கி வெளியே வந்துவிட்டது. அவர் சிரித்தபடி, "கொசுவ அடிக்கிற மாதிரி அடி நைனா, பாம்ப அடிக்கிற மாதிரி இல்ல," என்றார்.

மாமியாரைப் பற்றித்தான் வீணாகக் கவலைப்பட்டிருக்கிறேன். கவிழ்த்துப் போட்ட ஒரு பிளாஸ்டிக் கூடைமேல் அமர்ந்து, ஃபைபர் படகில் வந்த நெத்திலிக்கு அரைமணி நேரம் பேரம் பேசினார். தடைக்கால விலை அவருக்குக் கடைசிவரை உடன்பாடாகவில்லை, வாங்கியும் விட்டார்.

இவ்வளவு பெரிய படகு மறுபடியும் தண்ணீருக்குள் எப்படிப் போகும் என்று என் மகன் கேட்டதற்கு அந்தப் பெரியவர், ஜூன் 12ஆம் தேதி மாலை வந்தால் கிரேன் தூக்குவதையும், ஐஸ் ஏற்றுவதையும், அணியத்துக்கு மாலை போட்டுப் பூசை செய்வதையும் ஒன்றாகப் பார்க்கலாம் என்றார். நாத்தனாருக்குத் தொலைபேசியில் சொல்லி, பையனின் திரும்பும் பயணச்சீட்டை 14ஆம் தேதிக்கு மாற்றிவிட்டோம்.